நல்லூர் ஆறுமுக நாவலர் (1822 – 1879)

19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வி வழங்கிய பாடசாலைகளை மிசனரிமாரே நடத்தினர். அங்கு ஏனைய பாடங்களோடு கிறிஸ்தவ சமயமும் போதிக்கப்பட்டது. தமது சமயத்தைக் கைவிடாமல் பிள்ளைகளுக்குப் புதிய கல்வியைக் கொடுப்பது எவ்வாறு என்னும் பிரச்சினை சைவப் பெற்றோருக்கு இருந்தது. இதற்குச் செயல்மூலம் விடைகண்டவர் ஆறுமுக நாவலர் ஆவார்.

இளமையும் கல்வியும்

இவர் 1822 டிசம்பர் 18 ஆம் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியாருக்கும் மகனாகப் பிறந்தார். சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழ் கற்றார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி என இன்று அழைக்கப்படும் வெஸ்லியன் மிசன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியரானார். அதன் அதிபர் பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணைபுரிந்தார். வகுப்புமுறை, பாடநூல், அச்சகம், பிரசங்கம் ஆகியவற்றின் பயனை அவர் அங்கு நேரிற் கண்டார். பிற்காலத்தில் அவற்றையே சைவ சமயத்தினதும் தமிழினதும் வளர்ச்சிக்குப் பயன்படுத்தினார்.

பாடசாலைப் பணி

1847 இன் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கஞ் செய்யத் தொடங்கினார். 1848 இல் அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அதே ஆண்டில் மிசன் பாடசாலைப் பதவியையும் துறந்தார். நிலையான வருமானத்தை விட்டு, ஊரவரின் உதவியை நம்பி அவர் இம்முயற்சியில் இறங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. 1864 இல் தமிழகத்தின் சிதம்பரத்திலும் இதே பெயரில் ஒரு பாடசாலையை நிறுவினார்.

அச்சும் உரைநடையும்

1849 இல் அச்சியந்திரம் வாங்குவதற்காகச் சென்னை சென்றார். அப்பயணத்தின்போது திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. பாலபாடங்கள், இலக்கண நூல்கள், பெரியபுராண வசனம் முதலியவற்றை எழுதி அச்சிட்டார். செய்யுள் விளங்காத சிறுவரும் வாசிக்கத்தக்க எளிய உரைநடையில் அவை அமைந்தன. ஏட்டுச் சுவடிகளிலிருந்த பல பழந்தமிழ் நூல்களையும் பிழையின்றிப் பதிப்பித்தார்.

இறுதிக்காலம்

1872 இல் வண்ணார்பண்ணையில் ஓர் ஆங்கிலப் பாடசாலையை ஆரம்பித்தார். பணமுட்டுப்பாட்டினால் அது சில ஆண்டுகளில் மூடப்பட்டது. 1877 இல் பஞ்சம் ஏற்பட்டபோது கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். திருமணம் செய்யாது வாழ்ந்த அவர் 1879 டிசம்பர் 5 ஆம் திகதி காலமானார்.

மதிப்பீடு

நாவலர் சாதி வேறுபாட்டை ஏற்று நடந்தமையைப் பிற்கால ஆய்வாளர் குறையாகச் சுட்டியுள்ளனர். அவர் விரும்பிய கல்வி அக்காலத்தில் எல்லோரையும் சென்றடையவில்லை. எனினும், சமூகமே தனக்கெனப் பாடசாலை அமைத்து நடத்தலாம் என்பதை அவர் காட்டினார். அவரால் நிலைநிறுத்த முடியாதுபோன ஆங்கிலக் கல்வி முயற்சியைச் சைவப் பெரியார்கள் தொடர்ந்தனர். அதன் பயனாக 1890 இல் வண்ணார்பண்ணையில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருவாயிற்று.

பயிற்சி வினாக்கள்

1. நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்ததற்கான காரணத்தை விளக்குக.
2. மிசன் பாடசாலையிற் பெற்ற அனுபவம் அவரது பணிகளுக்கு உதவியவாற்றை இரண்டு உதாரணங்களுடன் காட்டுக.
3. அவரது கல்விப் பணியின் சிறப்பு ஒன்றையும் குறைபாடு ஒன்றையும் குறிப்பிடுக.