இல்லாத நாட்டின் அதிபதி

1822-ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனில் ஒரு நாட்டின் பெயரால் 2 லட்சம் பவுண்டுக்குக் கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. வட்டி 6 சதவீதம். 100 பவுண்டு முகமதிப்புள்ள பத்திரம் 80 பவுண்டுக்கே கிடைத்தது. நாட்டின் வருவாயே கடனுக்கு ஈடு. அந்த நாட்டின் பெயர் போயாய்ஸ். வருவாய் மட்டுமல்ல, நாடே இல்லை என்பதுதான் சிக்கல்.

அந்த நாட்டைக் கற்பனையில் படைத்து, காகிதத்தில் விற்றவர் கிரெகர் மெக்கிரெகர். 1786-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர். 16 வயதில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, கடற்படைத் தளபதி ஒருவரின் மகளை மணந்தார். அந்தச் செல்வம்தான் அவரை உயர்த்தியது. 1811-இல் மனைவி இறந்ததும் அதுவும் நின்றது. மறு ஆண்டே ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரில் பங்கேற்க வெனிசுலாவுக்குக் கப்பலேறினார். அங்கே சிமோன் பொலிவரின் உறவுப் பெண்ணை மணந்தார்.

அவரை வெறும் புரட்டர் என்று ஒதுக்கிவிட இயலாது. 1816-இல் பகைப்படை துரத்தி வர, தம் வீரர்களைக் காட்டு வழியே பல வாரங்கள் நடத்திச் சென்று காப்பாற்றினார். அது மெய்யான வீரம். ஆனால் 1819-இல் போர்ட்டோ பெல்லோவிலும் ரியோ டி லா ஆச்சாவிலும் வீரர்களை எதிரியின் கையில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் தப்பினார். பின்னாளில் நிகழ்ந்ததற்கு இதுவே முன்னோட்டம் என்பேன்.

1820-இல் மத்திய அமெரிக்காவின் கொசுக் கடற்கரையை ஆண்ட மிஸ்கிட்டோ மக்களின் அரசர், 80 லட்சம் ஏக்கர் நிலத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தார். விலை, கொஞ்சம் ரம் மதுவும் சில நகைகளும். இன்றைய ஹோண்டுராஸின் கரீபியக் கரையோரம் உள்ள காடு அது. மறு ஆண்டு லண்டன் வந்த மெக்கிரெகர், தம்மைப் போயாய்ஸின் அதிபதி என்று அறிவித்துக்கொண்டார்.

1822-இல் அந்த நாட்டைப் பற்றி 350 பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் ஒன்று வெளிவந்தது. ஆசிரியர் என்று ஒரு படைத்தலைவரின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. காடு, ஆறு, மரம், விலங்கு, மீன் ஆகியவற்றைப் பற்றிய அதன் பகுதிகளில் பெரும்பாலானவை பழைய நூல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆகவே அவற்றில் உண்மை இருந்தது. அந்த உண்மைகளுக்கு நடுவேதான் ஆண்டுக்கு மூன்று போக மக்காச்சோளமும் ஆற்றுப்படுகைத் தங்கமும் செருகப்பட்டன. பூர்வகுடி மக்களோ பிரிட்டிஷாரை வரவேற்கக் காத்திருப்பவர்களாகக் காட்டப்பட்டார்கள். செயின்ட் ஜோசப் என்ற தலைநகரில் நாடக அரங்கமும் குவிமாடத் தேவாலயமும் வங்கியும் இருப்பதாக மக்கள் நம்பவைக்கப்பட்டனர்.

படித்தவர்களும் எப்படி ஏமாந்தார்கள்? அந்நாளில் பிரிட்டிஷ் அரசுப் பத்திரங்களின் வட்டி குறைந்திருந்தது. அதே 1822-இல் கொலம்பியாவும் சிலியும் பெருவும் லண்டனில் கடன் திரட்டின. அவற்றுள் எதையும் வாங்கியவர் நேரில் பார்த்ததில்லை. கொலம்பியாவை நம்பியவருக்குப் போயாய்ஸை நம்ப மறுக்கத் தனிக்காரணம் ஏதுமில்லை. பொருளியல் பாடநூல்கள் இதைத் தகவல் சமமின்மை என்று ஒரே தொடரில் கடந்துவிடுகின்றன.

முதலீட்டாளர்கள் இழந்தது பணம். நிலம் வாங்கிக் குடியேறப் போனவர்களின் இழப்பு வேறு. 1822 செப்டம்பரில் ஏறத்தாழ 70 பேர் லண்டனிலிருந்தும், 1823 ஜனவரியில் ஏறத்தாழ 200 பேர் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்திலிருந்தும் புறப்பட்டனர். கையிலிருந்த நல்ல பணத்தைக் கொடுத்து, எடின்பரோவில் அச்சிட்ட போயாய்ஸ் நோட்டுகளைப் பெற்றுக்கொண்டனர். அவர்களில் ஒருவர் போயாய்ஸ் வங்கியை நிர்வகிக்கச் சென்றவர். மற்றொருவர் அந்நாட்டு இளவரசிக்குக் காலணி செய்ய நியமிக்கப்பட்ட தொழிலாளி.

கரையிறங்கியவர்கள் கண்டது அடர்ந்த காட்டையும் பாழடைந்த சில குடியிருப்புகளையும்தான். முதல் கப்பல் புயலில் அடித்துச் செல்லப்பட்டது. மழை தொடங்கியதும் காய்ச்சல் பரவியது. காலணித் தொழிலாளி தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். பெலிஸிலிருந்து தற்செயலாக வந்த கப்பல் ஒன்றே எஞ்சியோரை மீட்டது. மிஸ்கிட்டோ அரசரும் தாம் கொடுத்த நிலவுரிமையை ரத்து செய்தார். நிலத்தைத்தான் கொடுத்தேன், ஆளும் உரிமையை அல்ல என்பது அவர் நிலை. மொத்தக் கதையிலும் நேர்மையான சட்டப்புள்ளி இது ஒன்றே. குடியேறியவர்களுள் குறைந்தது 180 பேர் இறந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகின்றனர். தாயகம் திரும்பியவர்கள் 50-க்கும் குறைவு.

திரும்பியவர்களில் சிலர் மெக்கிரெகருக்காகப் பரிந்து பேசியதுதான் எனக்கு இன்னும் புரிவதில்லை. பயணத்தில் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த ஒருவர், குற்றம் அவருடையதல்ல, உடனிருந்தவர்களுடையது என்று நூலே எழுதினார். ஏமாற்றப்பட்டோம் என்று ஒப்புக்கொள்வதைவிட, நல்ல தலைவரைச் சுற்றியிருந்தோர் கெடுத்தார்கள் என்று நம்புவது அவருக்கு எளிதாக இருந்திருக்கலாம்.

மெக்கிரெகர் அதற்குள் பாரிஸ் சென்று அதே நாட்டைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விற்க முயன்றார். 1825 டிசம்பரில் கைதாகி, மறு ஆண்டு விடுதலையானார். தண்டனை கூட்டாளி ஒருவருக்குத்தான் கிடைத்தது. லண்டன் திரும்பி, 1837 வரை போயாய்ஸ் பெயரில் சில்லறைத் திட்டங்களை நடத்தினார். அடுத்த ஆண்டு மனைவி இறந்ததும் வெனிசுலாவுக்குச் சென்றார். பழைய போர்ச்சேவைக்காகத் தளபதிப் பதவியும் ஓய்வூதியமும் வழங்கப்பட்டன. 1845 டிசம்பரில் காலமானபோது கராகஸ் பேராலயத்தில் ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். அந்நகர நாளிதழ்களின் இரங்கல் குறிப்புகள் அவரது போர்க்கள வெற்றிகளைப் பாராட்டின. போயாய்ஸ் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.