காட்ஸில்லாவுக்குக் குரல் தந்த வன அதிகாரி

காட்ஸில்லாவின் உறுமலைக் கேட்டு நடுங்காத பிள்ளைகள் உண்டா? அது எந்த மிருகத்தின் குரலும் அல்ல. கான்ட்ராபாஸ் என்னும் பெரிய வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து, பதிவான ஒலியை மெதுவாக ஓடவிட்டார்கள். யோசனை, இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயுடையது.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் 1914-இல் பிறந்தவர். ஐனு பழங்குடியினரின் பாட்டைக் கேட்டு வளர்ந்தார். படித்தது வனவியல், பார்த்தது காட்டு இலாகா வேலை. இசையைத் தாமாகவே கற்றார். 21 வயதில், 1935-இல், பாரிஸில் நடந்த செரெப்னின் போட்டியில் பரிசு வென்றார்.

போர்க்காலத்தில் மர ஆராய்ச்சி செய்தபோது கதிர்வீச்சு தாக்கி நோயில் விழுந்தார். அவருடைய அண்ணனும் கதிர்வீச்சால்தான் இறந்தார். அணுகுண்டுச் சோதனையால் கிளம்பும் மிருகத்தின் கதை 1954-இல் கைக்கு வந்தபோது, அது அவருக்கு வெறும் பொம்மைப் படமாகத் தெரிந்திருக்குமா?

250-க்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தார். 1976-இல் தோக்கியோ இசைக் கல்லூரியின் தலைவரானார். காட்ஸில்லா மடியும் 1995-ஆம் ஆண்டுப் படத்துக்கும் அவரே இசை தந்தார். 2006 பிப்ரவரி 8-இல், 91 வயதில் தோக்கியோவில் காலமானார்.