கெடுபிடியான ஆயுதச் சட்டம்... வாஞ்சிநாதன் கைக்குத் துப்பாக்கி வந்தது எப்படி?

தேர்தல் தேதி அறிவிச்சதும், லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அனுப்பர்பாளையமா இருந்தாலும் சென்னையா இருந்தாலும் இதே நடைமுறைதான். துப்பாக்கிக்குக் கடிவாளம் போட்டால் குற்றம் குறையுமா? இந்த விவாதத்தில் மறக்கக் கூடாத பெயர், வாஞ்சிநாதன்.

1886-ல் செங்கோட்டையில் பிறந்தவர். அப்போ அந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. புனலூரில் வனத்துறை வேலை, மனைவி பொன்னம்மாள் என்று சாதாரணக் குடும்பஸ்தர். நீலகண்ட பிரம்மச்சாரியின் ரகசிய சங்கத்தில் சேர்ந்த பிறகுதான் எல்லாம் மாறியது.

வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்த 1878 ஆயுதச் சட்டப்படி, இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிறை. ஐரோப்பியர்களுக்கோ விலக்கு! குற்றத்தைத் தடுக்க வந்த சட்டமா, ஆள்பவர்களின் பயத்துக்கு வந்த சட்டமா என்று கேட்பது நியாயம்தான்.

ஆனா, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் இந்தச் சட்டம் செல்லாது. லண்டனிலிருந்து தப்பி வந்த வ.வே.சு. ஐயர் 1910 முதல் அங்கேதான் இருந்தார். லீவு போட்டுவிட்டுப் போன வாஞ்சி, அவரிடம் சுடக் கற்றுக்கொண்டார்.

குறி, திருநெல்வேலி கலெக்டர் ஆஷ். வ.உ.சி.யின் கப்பல் கம்பெனியை முடக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு என்ற கோபம் இருந்தது. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் சனாதன தர்மத்தையும் பேசியதால், உண்மையான காரணம் எது என்ற சர்ச்சை இன்னும் ஓயல.

1911 ஜூன் 17. கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்க, மனைவி மேரியோடு போய்க்கொண்டிருந்தார் ஆஷ். மணியாச்சியில் ரயில் நின்றபோது, பெட்டிக்குள் ஏறி பெல்ஜியத் தயாரிப்பான பிரவுனிங் கைத்துப்பாக்கியால் சுட்டார் வாஞ்சி. பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடி, தன்னையும் சுட்டுக்கொண்டார். வயது 25.

வழக்கில் சிக்கியவர்கள் 14 பேர். நீலகண்டனுக்கு 7 ஆண்டு சிறை.

அதுக்காகச் சட்டமே வீண்னு சொல்லிட முடியாது. உள்ளூரில் எளிதாகக் கிடைத்திருந்தால் வாஞ்சி புதுச்சேரி வரை போயிருக்க வேண்டியதில்லை. அதே சட்டம் இருந்த கல்கத்தாவிலோ, 1914-ல் ராடா கம்பெனி முறைப்படி இறக்குமதி செய்த சரக்கிலிருந்தே 50 மவுசர் பிஸ்டல்கள் களவு போயின. புரட்சியாளர்கள் கைக்கு அவை போய்ச் சேர்ந்தன.

1878 சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகும் நீடித்தது. 1959-ல்தான் இப்போதைய ஆயுதச் சட்டம் நிறைவேறியது. அந்த ரயில் நிலையத்தின் பெயர் இன்று வாஞ்சி மணியாச்சி.