பூவுக்குள் புகுந்த வேதியியல்

குட்டீஸ், மதுரை பக்கம் கப்பலூர், திருமங்கலம் வழியாக பஸ்சில் போயிருக்கிறீர்களா? கரிசல் காட்டில் பருத்திப் பூ மஞ்சளாகப் பூத்திருக்கும். அந்த மஞ்சளுக்குள் என்ன இருக்கிறது? இதைத் தேடியவர்தான் விஞ்ஞானி டி.ஆர்.சேஷாத்ரி.

1900, பிப்ரவரி 3ல் குளித்தலையில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்து, 1929ல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ராபின்சனுக்கு 1947ல் நோபல் பரிசு கிடைத்தது.

நாடு திரும்பிய சேஷாத்ரி, வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பருத்திப் பூக்களின் சாற்றை எடுத்து, அதிலிருந்த நிறப் பொருட்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். 'பிளேவனாய்டு' என்பது அவற்றின் குடும்பப் பெயர். ஒரு பொருளைச் சிறிது மாற்றி, இன்னொன்றாக ஆக்கியும் காட்டினார்.

அப்போது இரண்டாம் உலகப் போர் வந்தது. பல்கலைக்கழகம் குண்டூருக்கு மாறியது. பாடுபட்டு அமைத்த ஆய்வுக்கூடத்தை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஆராய்ச்சியை மட்டும் அவர் விடவில்லை!

1949ல் டில்லி பல்கலைக்கழகம் சென்றார். அங்கே லைக்கன்களை ஆராய்ந்தார். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் கூட்டுக் குடும்பம். பிரியாணியில் போடும் கல்பாசியும் அதில் ஒன்றுதான்!

1960ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1963ல் பத்மபூஷண் கிடைத்தது. 1975ல் மறைந்தார்.

இனி பருத்திப் பூவைப் பார்த்தால், குளித்தலைக்காரரை நினைத்துக் கொள்வீர்கள்தானே!