முதலில் உழவர்

ஸ்காட்லாந்தின் தென்கிழக்கில், இங்கிலாந்தின் எல்லைக்கு அண்மையில், சர்ன்சைடு என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல் நிற்கிறது. அதில் இறந்தவரின் பெயருக்கு அடுத்து உழவர் என்ற சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிறகு அவருடைய பண்ணையின் பெயர். இருமுறை உலகக் கார்ப் பந்தய வாகை சூடியவர் என்பதும், அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பெரும் பந்தயத்தை வென்றவர் என்பதும் அதற்கும் கீழேதான் வருகின்றன. புகழ் பெற்ற ஒருவருக்கு இப்படி ஒரு வரிசை ஏன் என்று வியப்புத் தோன்றலாம். ஜிம் கிளார்க்கின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அந்த வியப்புத் தோன்றாது.

தமிழர் சங்க மலரில் கார்ப் பந்தயக்காரர் ஒருவருக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்களும் இருப்பீர்கள். இயற்பியல் படிக்கும் எனக்கு அவருடைய வண்டியின் மீது முதலில் ஆசை வந்தது. வண்டியைப் பற்றிப் படிக்கப் போய், ஓட்டியவரைப் பற்றிப் படிக்கலானேன்.

கிளார்க் 1936 மார்ச் 4-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் கில்மனி என்ற ஊரில் பிறந்தார். நான்கு பெண்களுக்குப் பின் பிறந்த ஒரே பிள்ளை. 1942-இல் குடும்பம் சர்ன்சைடுக்கு அருகில் உள்ள எடிங்டன் மெயின்ஸ் என்ற பெரிய பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த சாவுகளால் பண்ணைக்கு ஆள் வேண்டியிருந்தது. பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு ஆடு மேய்க்க வந்தார் கிளார்க். ஒரே மகன், நிலமும் ஆடுமாடுகளும் அவனுக்குத்தான். அவன் மோட்டார் வண்டிகளோடு ஓடுவதைப் பெற்றோர் விரும்பவில்லை. எந்த ஊரிலும் பெற்றோர் இப்படித்தானே!

ஆனால் அக்கம்பக்கத்து உழவர்களில் கார்ப் பித்துக் கொண்டவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களுள் இயன் ஸ்காட் வாட்சன் என்பவர் தம்முடைய டி.கே.டபிள்யூ. காரை 1956-இல் ஒரு பந்தயத்தில் ஓட்டுமாறு கிளார்க்கிடம் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1958-ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் ஒரு பந்தயம் நடந்தது. அதில் லோட்டஸ் கார்களை உருவாக்கும் காலின் சாப்மன் தாமே ஓட்டினார்; கிளார்க்கும் லோட்டஸ் ஒன்றில் ஓட்டி அவரை விடாமல் நெருக்கினார். இறுதியில் சாப்மன் முதலாவதாகவும் கிளார்க் இரண்டாவதாகவும் வந்தார்கள். சாப்மன் அந்த முகத்தை மறக்கவில்லை. 1960 முதல் கிளார்க் லோட்டஸ் அணியின் ஓட்டியானார். சாகும் வரை வேறு அணியின் பார்முலா 1 வண்டியில் அவர் போட்டியிடவே இல்லை.

அந்த முதலாண்டிலேயே இத்தொழிலின் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டார். 1960 ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஒரே பந்தயத்தில் இரண்டு இளைஞர்கள் மாண்டார்கள். ஒருவர் அவருடைய அணித் தோழர். கிளார்க் அதில் ஐந்தாவதாக வந்து முதன்முதலாக உலகப் போட்டியில் புள்ளி பெற்றார். மறுஆண்டு இத்தாலியின் மோன்சாவில் அவருடைய வண்டியும் ஜெர்மானியர் ஃபான் டிரிப்சின் ஃபெராரியும் உரசின. ஃபெராரி கூட்டத்துக்குள் பாய்ந்தது. டிரிப்சும், பார்க்க வந்தவர்களில் பத்துப் பேருக்கு மேலும் இறந்தார்கள். அதைப் பற்றிய விசாரணை நெடுநாள் அவரைத் தொடர்ந்தது. ஸ்பா தடத்தைக் கடைசி வரை வெறுத்தார். வெறுத்த அதே தடத்தில் 1962 முதல் 1965 வரை நான்கு ஆண்டுகளும் அவரே வென்றார். இதை எப்படிப் புரிந்துகொள்வது? அச்சமில்லாதவர் என்று சொல்லிவிடுவது எளிது, அது உண்மையாகாது. அவர் ஓயாமல் நகத்தைக் கடிக்கிறவர், சிறிய காரியத்துக்கும் முடிவெடுக்கத் தயங்குகிறவர் என்று நண்பர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். சக்கரத்தைப் பிடித்துவிட்டால் அந்தத் தயக்கம் எங்கே போயிற்று என்பதை அவர்களாலும் விளக்க முடியவில்லை.

இனி அமெரிக்கா. இண்டியானாபோலிஸ் தடம் இரண்டரை மைல் சுற்றளவு உள்ளது. நான்கு வளைவுகள், நான்கும் இடப்புறமே திரும்புவன. இருநூறு சுற்று ஓடினால் ஐந்நூறு மைல். 1911 முதல் நடந்துவரும் பந்தயம் அது. அமெரிக்கர்களுக்கு அது ஒரு திருவிழா என்றே சொல்லலாம். அங்கே ஓடிய வண்டிகளுக்கு ரோட்ஸ்டர் என்று பெயர். நீண்ட உடல், முன்னால் ஆஃபன்ஹாசர் என்னும் நான்கு சிலிண்டர் எஞ்சின், அதிலிருந்து ஓட்டிக்குப் பக்கமாகப் பின்சக்கரம் வரை செல்லும் ஒரு தண்டு. கனமான, உறுதியான வண்டிகள். இடப்புறமே திரும்ப வேண்டியிருந்ததால் பாரத்தையும் இடப்புறமாகத் தள்ளிவைத்துக் கட்டினார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த கைகள் செய்த வேலை அது. அதைக் குறைத்துப் பேசக் கூடாது.

ஐரோப்பாவில் அதற்குள் எஞ்சின் ஓட்டியின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. இதில் என்ன ஆதாயம்? நீர் நிறைந்த இரண்டு வாளிகளைக் கைகளை நீட்டிப் பிடித்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். பிறகு அதே வாளிகளை உடலோடு அணைத்துக்கொண்டு திரும்புங்கள். பாரம் நடுவில் சேர்ந்திருந்தால் திரும்புவது எளிது. நிலைமத் திருப்புத்திறன் என்று நாம் தேர்வுக்காக உருப்போடுவது இதைத்தான். நீண்ட தண்டு இல்லாததால் ஓட்டி தரையோடு தரையாகப் படுத்தாற்போல் அமரலாம். காற்றின் தடையும் குறையும். சாப்மன் 1962-இல் இன்னும் ஓர் அடி முன்னே சென்றார். குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் கட்டுவதை விட்டு, அலுமினியத் தகட்டையே பெட்டிபோல் மடித்து, அந்தப் பெட்டியையே வண்டியின் எலும்பாக்கினார். பக்கவாட்டு அறைகளில் பெட்ரோல் பைகளை வைத்தார். எடை குறைந்தது, உறுதி கூடியது.

இந்த எண்ணத்தை இண்டியானாபோலிசுக்குக் கொண்டுவரச் சொன்னவர் டான் கர்னி என்ற அமெரிக்க ஓட்டி. ஃபோர்டு நிறுவனம் எஞ்சின் கொடுத்தது. 1963 மே மாதம் கிளார்க் பச்சை வண்டியோடு அங்கே போய் இறங்கினார். அந்தத் தடத்தில் பச்சை ஆகாத நிறம் என்பது பழைய நம்பிக்கை. சகுனம் பார்ப்பதில் நாம்தான் பெரியவர்கள் என்று எண்ணியிருந்தேன்!

அவ்வாண்டுப் பந்தயம் உண்மையில் ஒரு கணக்கு. ரோட்ஸ்டர்கள் கனமானவை, மெதனாலைக் குடிப்பவை, டயரைத் தேய்ப்பவை. லோட்டஸோ பெட்ரோலில் ஓடியது. சில நூறு ராத்தல் எடை குறைவு. கிளார்க் ஒரே ஒருமுறை நின்றார். முன்னே ஓடிய பார்னெல்லி ஜோன்ஸ் மும்முறை நின்றார். கடைசிக் கட்டத்தில் கிளார்க் நெருங்கிக்கொண்டிருந்தபோது ஜோன்ஸின் வண்டியிலிருந்து எண்ணெய் ஒழுகலாயிற்று. எண்ணெய் சிந்தும் வண்டியைக் கறுப்புக் கொடி காட்டி வெளியேற்றலாம். அதிகாரிகள் கொடியை எடுக்க எண்ணினார்கள். வண்டியின் உரிமையாளர் வாதாடினார். சாப்மனும் வந்து எதிர்வாதம் செய்தார். அதற்குள் ஒழுகல் குறைந்தது, கொடி விழவில்லை. ஜோன்ஸ் வென்றார், கிளார்க் அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் இரண்டாவதாக வந்தார். அநீதி என்று இங்கிலாந்தில் பலர் கொதித்தார்கள். கிளார்க் பெரிதாக ஒன்றும் புகார் செய்யவில்லை. ஜோன்ஸ் அன்று மிக வேகமாகவே ஓட்டினார் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த ஆகஸ்டில் மில்வாக்கி நகரின் ஒரு மைல் தடத்தில் இருநூறு மைல் பந்தயம் நடந்தது. கிளார்க் மீண்டும் வந்தார். இரண்டாவதாக வந்த ஏ. ஜே. ஃபாய்ட் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் ஒரு முழுச் சுற்றாவது பின்தள்ளி வென்றார். அமெரிக்க வாகைப் போட்டி வரிசையில் பின் எஞ்சின் வண்டி பெற்ற முதல் வெற்றி அதுவே. அன்றைக்குப் பிறகு பழைய வண்டிக்காரர்களுக்கு உண்மை விளங்கிவிட்டது. அவ்வாண்டு உலகப் போட்டியிலும் பத்தில் ஏழு பந்தயங்களை வென்று கிளார்க் வாகை சூடினார்.

1964 கொடிய ஆண்டு. இண்டியானாபோலிசில் இரண்டாம் சுற்றிலேயே டேவ் மெக்டொனால்டின் வண்டி சுவரில் மோதித் தீப்பற்றியது; பின்னால் வந்த எடி சாக்ஸ் அதில் சிக்கினார்; இருவரும் மாண்டார்கள். பந்தயத்தை நிறுத்தி, பின்பு மறுபடி தொடங்கினார்கள். முதலிடத்திலிருந்து புறப்பட்ட கிளார்க்கின் டயர் பிய்ந்து, அதன் அதிர்ச்சியில் பின்சக்கரத் தாங்கி முறிந்தது. அவர் வண்டியைச் சேதமின்றி நிறுத்தினார்.

அடுத்த ஆண்டு மானகோ பந்தயமும் இண்டியானாபோலிசும் ஒரே வாரத்தில் வந்தன. மானகோவை விட்டுவிட்டுக் கிளார்க் அமெரிக்கா சென்றார். 1965 மே 31. லோட்டஸ் 38 என்ற வண்டி, எண் 82, மறுபடியும் அதே பச்சை. வர்ஜீனியாவைச் சேர்ந்த வுட் சகோதரர்கள் எரிபொருள் நிரப்பும் பொறுப்பை ஏற்றார்கள்; அவர்களுடைய கைவேகத்தைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். இருநூறு சுற்றுகளில் நூற்றுத்தொண்ணூறு சுற்றுகள் கிளார்க்கே முன்னணியில் இருந்தார். சராசரி மணிக்கு 150.686 மைல், 150 மைலைத் தாண்டிய முதல் வெற்றி. பின் எஞ்சின் வண்டிக்கும் அங்கே அதுவே முதல் வெற்றி. அந்த ஆண்டிலேயே உலக வாகையும் அவருக்கே கிடைத்தது. ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் பெற்றவர் அவரன்றி இன்றுவரை எவருமில்லை. மறுஆண்டு இண்டியானாபோலிசில் புறப்பட்ட முப்பத்துமூன்று வண்டிகளில் முன் எஞ்சின் வண்டி ஒன்றே ஒன்று. 1968-இல் ஓடிய ஒரு வண்டியோடு அவ்வினம் அங்கே முடிந்தது.

வண்டியின் பெருமையில் ஓட்டியின் பெருமையை மறந்துவிடக் கூடாது. அதே லோட்டஸ்களை மற்றவர்களும் ஓட்டினார்கள். கிளார்க்கின் டயர்களும் பிரேக்குகளும் மற்றவர்களுடையவற்றைப்போல் தேய்வதில்லை என்பதை மெக்கானிக்குகள் கண்டார்கள். அவர் வண்டியை வற்புறுத்துவதில்லை. அது போகக்கூடிய வேகத்தை அறிந்து போகவிட்டார். 1966-இல் இண்டியானாபோலிசில் இருமுறை வண்டி சுழன்றும் எதிலும் மோதாமல் மீட்டுக்கொண்டு இரண்டாவதாக வந்தார். தாமே வென்றதாக அவருடைய அணியினர் நம்பினார்கள். சுற்றுகளை எண்ணியதில் குழப்பம் என்றார்கள். வெற்றி கிரஹாம் ஹில்லுக்கே என்று முடிவாயிற்று.

சாப்மன் எடையைக் குறைப்பதில் கருமி. அதனால் லோட்டஸ் வெல்லும், அல்லது உடையும். 1962-இல் தென்னாப்பிரிக்காவில் கடைசிப் பந்தயத்தில் முன்னணியில் இருந்தபோது ஒரு சிறு போல்ட் கழன்று விழுந்தது, எண்ணெய் வடிந்தது, உலக வாகை கையைவிட்டுப் போயிற்று. இது கிளார்க்குக்குத் தெரியாததன்று. தெரிந்தும் சாப்மனை விட்டு அவர் போகவில்லை. நட்பா, நம்பிக்கையா, வேறு வண்டியில் இந்த வேகம் கிட்டாது என்ற கணக்கா? மூன்றும்தான் என்று எனக்குப் படுகிறது. அவருக்காக நான் வருந்தும் இடமும் இதுவே.

1967-இல் வரிச்சுமைக்காக அவர் பிரிட்டனை விட்டுப் பாரிசில் குடியிருக்க நேர்ந்தது. ஆண்டில் சில நாள்களே தாய்நாட்டில் தங்கலாம். உலகையே சுற்றியவர்தான், ஆயினும் ஆடுகளின் நலத்தைக் கேட்டுப் பண்ணைக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டே இருந்தாராம். ஊரில் மழை பெய்ததா என்று விடுதித் தொலைபேசியில் கேட்கும் நமக்கு இது விளங்காதா? ஊருக்குத் திரும்பி உழவைப் பார்ப்பது என்ற எண்ணம் அவரை விட்டு அகலவே இல்லை.

1968 புத்தாண்டு நாளன்று தென்னாப்பிரிக்காவில் தம் இருபத்தைந்தாவது உலகப் போட்டி வெற்றியைப் பெற்றார். அர்ஜெண்டினாவின் ஃபாங்கியோ வைத்திருந்த இருபத்துநான்கு என்ற எண்ணிக்கையை அது கடந்தது. மார்ச்சில் இண்டியானாபோலிஸ் சென்று, ஆப்பு வடிவில் அமைந்த புதிய லோட்டஸ் 56-ஐ ஓட்டிப் பார்த்தார். அதில் சிலிண்டர்களே இல்லை. ஹெலிகாப்டரில் இருப்பதுபோன்ற வாயுச் சுழலி எஞ்சின். நான்கு சக்கரங்களும் இழுக்கும். அவருக்கு அது பிடித்திருந்தது.

ஏப்ரல் 7-ஆம் நாள், ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில், அவ்வளவு முக்கியமில்லாத ஒரு பார்முலா 2 பந்தயம். ஈரமான வானிலை. ஐந்தாம் சுற்றில், காட்டுக்கு நடுவே, மெல்ல வளையும் நேர்பாதையில், அவருடைய வண்டி தடத்தை விட்டு விலகி மரங்களில் மோதியது. பக்கத்தில் வேறு வண்டி இல்லை. பாதையோரத்தில் தடுப்பும் இல்லை. பின் டயரில் காற்று மெல்ல இறங்கியிருக்க வேண்டும் என்பதே ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் கருத்து. அவருக்கு வயது முப்பத்திரண்டு. கிளார்க்குக்கே இது நேருமானால் தங்கள் கதி என்ன என்று மற்ற ஓட்டிகள் அன்றுதான் அஞ்சத் தொடங்கினார்கள்.

சரியாக ஒரு மாதம் கழித்து, மே 7 அன்று, இண்டியானாபோலிசில் லோட்டஸ் 56 ஒன்றைப் பயிற்சியில் ஓட்டிய மைக் ஸ்பென்ஸ் சுவரில் மோதி இறந்தார். மே 30-இல் நடந்த பந்தயத்தில் அவ்வகை வண்டிகள் மூன்று புறப்பட்டன. ஒன்று வழியில் மோதி நின்றது. ஜோ லெனார்டு ஓட்டியது முன்னணியில் இருந்தது. முடிய ஒன்பது சுற்றுகளே இருந்தன. எஞ்சினுக்குள் எரிந்துகொண்டிருந்த சுடர் அணைந்தது. வண்டி ஓசையின்றி வேகம் இழந்து ஓரமாக ஒதுங்கியது. மூன்றாவது வண்டியும் ஏறக்குறைய அதே நேரத்தில் நின்றுபோயிற்று.