பேராசிரியர் சேனக பிபிலேயும் நாம் விழுங்கும் குளிசைகளும்

பெரியநீலாவணையிலிருந்து மருந்தெடுக்கச் செல்லும் ஒருவர் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்குப் போனாலென்ன, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குப் போனாலென்ன, நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ கிடைக்கும் குளிசை பெரும்பாலும் ஒன்றுதான். கம்பனி சூட்டிய பெயரை விடுத்து மருந்தின் மூலப் பெயராலேயே அது வழங்கப்படுகின்றது. நாம் பழகிப்போன இந்த ஒழுங்கின் பின்னால் பேராசிரியர் சேனக பிபிலேயின் உழைப்பு இருக்கின்றது.

1920 பெப்ரவரி 13 ஆம் திகதி பிறந்த அவர், கண்டி திரித்துவக் கல்லூரியிலும் கொழும்பு மருத்துவ பீடத்திலும் பயின்று, எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1958 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். இடதுசாரியான அவர், வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971 இல் சமர்ப்பித்த அறிக்கை அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு வழிகோலியது. அதன் முதல் தலைவரும் அவரே. சந்தையில் இருந்த ஈராயிரத்துக்கும் அதிகமான மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் அரசே மொத்தமாகக் கொள்வனவு செய்ததால் விலைகள் இறங்கின.

மலிவான மருந்து தரமற்றதாக இருக்குமென்ற எதிர்ப்பு உடனே எழுந்தது. அதனை வெறும் வியாபாரத் தந்திரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. போதிய மருந்தில்லாத குளிசை நோயாளியைக் கைவிடும். கிருமி கலந்த ஊசிமருந்து ஆளையே கொல்லும். ஆனால், பிரபலமான பெயரும் உயர்ந்த விலையும் அதற்குக் காப்பாகமாட்டா. குளிசையில் குறித்த அளவு மருந்து உண்டா, அது உரிய நேரத்தில் கரைகின்றதா, ஊசிமருந்து கிருமியற்றதா என்பவற்றை ஆய்வுகூடம் மட்டுமே கூறமுடியும். கம்பனியின் பெயரை நம்பியிருந்த இடத்தில் அரசின் பரிசோதனை வரவேண்டும் என்பதே அக்கொள்கையின் உட்கிடை.

1974 இல் வாந்திபேதி பரவியபோது இவ்விவாதம் உயிர்ப் பிரச்சினையாயிற்று. கூட்டுத்தாபனம் ஹெக்ஸ்ட் நிறுவனத்திடம் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்கிளின் தயாரிக்க, இங்கு தொழிற்சாலை வைத்திருந்த பைசர் மறுத்தது. அதிக செலவில் விமானம் மூலம் மருந்தைத் தருவிக்க வேண்டியதாயிற்று. அத்தொழிற்சாலையை அரசு பொறுப்பேற்கவேண்டும் என்ற யோசனை நிறைவேறவில்லை. வல்லரசின் அழுத்தம் அன்றும் சிறியதல்ல!

1977 செப்டெம்பர் 29 இல், ஐக்கிய நாடுகள் பணிக்காகக் கயானா சென்றிருந்தபோது, 57 ஆவது வயதில் பிபிலே காலமானார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது.

அவர் பெயரைச் சொல்லாத சுகாதார அமைச்சர் இங்கு அரிது. மருந்துகளைப் பதிவுசெய்யும் சட்டம் 1980 இலும், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2015 இலும் வந்தன. தேசிய ஆய்வுகூடமும் உண்டு. எனினும், 2023 இல் அரச வைத்தியசாலைகளுக்கு விநியோகிக்கப்பட்ட தரமற்ற இமியூனோகுளோபியூலின் குப்பிகள், நோயாளரின் உடலில் ஒவ்வாமை தோன்றிய பின்னரே பரிசோதனைக்குச் சென்றன.