கடலுக்குள் ஓடிய கடிகாரம்

முத்து வியாபாரியிடம் வேலை பார்த்த அநாதைப் பையனின் கதை

தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை உள்ள நம் கடலில் ஒரு காலத்தில் முத்துக் குளித்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கல்லின் கனத்தில் ஒருவர் கடலுக்குள் இறங்குவார். எட்டுப் பாகம், ஒன்பது பாகம் ஆழம். அடியில் சிப்பி பொறுக்க ஒரு நிமிடம் கிடைக்கும். மூச்சு நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கயிறு அசைந்ததும் இழுத்துவிட வேண்டும். தாமதித்தால் ஆள் பிணம்!

அதனால் கயிறு பிடிக்கும் வேலையை மைத்துனனிடம்தான் கொடுப்பார்கள் என்று நம் கரையில் சொல்வதுண்டு. உடன்பிறந்தவளின் தாலி அவன் கையில் இருக்கும்போது, அவன் கண் அயருவானா?

அந்த முத்துக் குளிப்பவரிடம் கடிகாரம் கிடையாது. மூச்சுதான் கடிகாரம்.

முத்துக் குளிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கீழக்கரை, ராமேசுவரம் பக்கத்தில் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய், மணப்பெண்களின் வளையலாகிறது.

மூச்சை நம்பாமல், முதுகில் காற்றுக் குழாயைக் கட்டிக்கொண்டு இறங்கும் முறை பிற்காலத்தில் வந்தது. அப்படி இறங்குகிறவர்களுக்காக ஒரு கைக்கடிகாரமும் வந்தது. கடல் நீர் அதற்குள் புகாது. பாட்டரி கிடையாது, சக்கரமும் வில்லும்தான். இன்று அந்த வகையில் பேர் பெற்ற ஒரு கடிகாரத்தின் விலை பல லட்சம் ரூபாய்!

அந்தக் கடிகாரத்துக்குப் பின்னால் இருந்தவர் ஹான்ஸ் வில்ஸ்டார்ப். ரோலக்ஸ் கம்பெனியை நிறுவியவர். அவர் முதலில் பார்த்த வேலை என்ன தெரியுமா? முத்து வியாபாரம்!

பன்னிரண்டு வயதில்...

ஜெர்மனியில் பவேரியா என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே குல்ம்பாக் என்ற ஊரில் 1881-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி வில்ஸ்டார்ப் பிறந்தார். தகப்பனார் இரும்புச் சாமான் வியாபாரி. குடும்பத்தில் குறை இல்லை.

பன்னிரண்டு வயதில் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை.

மாமன்மார் கூடிப் பேசினார்கள். கடையை விற்றார்கள். அந்தப் பணத்தில் பையனை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். இருந்த கடையையும் விற்றுவிட்டார்களே என்று ஊரார் சொல்லியிருக்கலாம். ஆனால் சிறு வயதிலேயே தன் காலில் நிற்கக் கற்றது அதனால்தான் என்று வில்ஸ்டார்ப் பிற்காலத்தில் நினைத்தார். மாமன்மார் மீது அவருக்குக் கோபம் இல்லை.

பள்ளியில் அவர் கணக்கிலும் ஆங்கிலத்திலும் கெட்டிக்காரர். அந்த ஆங்கிலம்தான் பின்னால் சோறு போட்டது.

படிப்பு முடிந்ததும் சுவிட்சர்லாந்தில் உள்ள ஜெனீவாவுக்குப் போனார். அங்கே ஒரு முத்து ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. முத்தை வாங்கி, தரம் பார்த்துப் பிரித்து, விற்கும் தொழில் அது. எந்த முத்து எந்த முத்தோடு சேர்ந்தால் விலை ஏறும் என்பதை அங்கே கற்றார்.

1900-ல் லா ஷோ-த-போன் என்ற ஊருக்குப் போனார். கடிகாரத் தொழிலுக்குப் பேர் போன ஊர் அது. ஒரு கடிகார ஏற்றுமதி நிறுவனத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதும் குமாஸ்தா வேலை. மாதச் சம்பளம் 80 பிராங்க். கடிதம் எழுதுவதோடு, தினமும் நூற்றுக்கணக்கான கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க வேண்டும். சரியாக ஓடுகிறதா என்று குறிக்கவும் வேண்டும்.

சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் எந்தக் கடிகாரம் நல்லது, எது மோசம் என்பதை அவர் கை அறிந்துகொண்டது.

மைத்துனரோடு கூட்டு

1903-ல் லண்டனுக்குப் போனார். 1905-ல் ஆல்பிரட் டேவிஸ் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து சொந்தமாகக் கடிகார வியாபாரம் தொடங்கினார். வில்ஸ்டார்ப்புக்கு அப்போது வயது 24. டேவிஸ் யார்? அவருடைய மைத்துனர்! நம் கடலில் கயிறு பிடித்ததும் மைத்துனன்தானே.

அந்தக் காலத்தில் ஆண்கள் கடிகாரத்தைச் சங்கிலியில் கோத்து, சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். கையில் கட்டுவது பெண்களின் நகை என்று எண்ணினார்கள். கைக்கடிகாரம் கட்டிய ஆணைக் கேலி செய்தார்கள். கடிகாரக்காரர்களும் நம்பவில்லை. அவ்வளவு சிறிய இயந்திரம் சரியான மணி காட்டாது. தூசியும் ஈரமும் புகுந்து கெட்டுவிடும் என்றார்கள்.

வில்ஸ்டார்ப் மட்டும் கைக்கடிகாரத்தின் மீது பணத்தைப் போட்டார்.

1908-ல் கடிகாரத்துக்கு ரோலக்ஸ் என்று பெயர் வைத்தார். எந்த மொழிக்காரரும் சொல்லக் கூடிய பெயராக இருக்க வேண்டும். சிறிய முகப்பில் எழுத இடம் போதவும் வேண்டும். லண்டனில் குதிரை வண்டியின் மேல்தட்டில் போகும்போது இந்தப் பெயர் காதில் விழுந்தது போல் இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வியாபாரிகள் சொல்லும் இத்தகைய கதைகளை முழுக்க நம்ப வேண்டியதில்லை. ஆனால் பெயர் நன்றாகத்தான் வாய்த்தது.

1914-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி ஒரு நற்செய்தி வந்தது. இங்கிலாந்தின் கியூ ஆய்வுக்கூடம் அவருடைய கைக்கடிகாரம் ஒன்றுக்கு முதல் தரச் சான்று கொடுத்தது. கப்பல்களில் வைக்கும் பெரிய கடிகாரங்களைச் சோதிக்கும் இடம் அது. கடிகாரத்தைப் படுக்க வைத்து, நிமிர்த்தி வைத்து, குளிரில் வைத்து, வெப்பத்தில் வைத்து 45 நாள் சோதித்தார்கள். அது பிசகவில்லை.

மூன்று வாரத்துக்குள் உலக யுத்தம் மூண்டது!

எதிரி நாட்டுப் பெயர்

இங்கிலாந்துக்கு எதிரி ஜெர்மனி. கடையின் பெயர்ப் பலகையிலோ ஜெர்மானியப் பெயர்! 1915-ல் தன் பெயரை எடுத்துவிட்டு, கம்பெனிக்கே ரோலக்ஸ் என்று பெயரிட்டார். அதே ஆண்டில் வெளிநாட்டுக் கடிகாரங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இறக்குமதி வரி வந்தது. யுத்தம் முடிந்ததும், 1919-ல் அவர் ஜெனீவாவுக்கே திரும்பிவிட்டார்.

யுத்தம் இன்னொன்றும் செய்தது. பதுங்கு குழியில் கிடக்கும் சிப்பாய் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது. எனவே கடிகாரத்தைக் கையில் கட்டினான். ஊர் திரும்பிய வீரனை யார் கேலி செய்வார்கள்? ஆண்கள் எல்லாரும் கட்டத் தொடங்கினார்கள்.

ஆனால் தூசியும் ஈரமும் தீரவில்லை.

கடிகாரத்தில் நீர் எங்கே புகும்? முன் கண்ணாடி ஓரத்தில் புகும். பின்மூடி ஓரத்தில் புகும். இரண்டையும் இறுக்கிவிடலாம். மூன்றாவது வழிதான் தொல்லை. சாவி கொடுக்கும் குமிழுக்கு ஒரு துளை வேண்டுமே! முன்வாசலையும் பின்வாசலையும் பூட்டிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்தது போல.

குமிழையே புட்டி மூடி போலத் திருகி மூடும் உபாயத்தை இரண்டு சுவிஸ்காரர்கள் கண்டுபிடித்தார்கள். வில்ஸ்டார்ப் அந்த உரிமையை விலைக்கு வாங்கினார். 1926-ல் நீர் புகாத கடிகாரத்தை வெளியிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ஆய்ஸ்டர். நம் மொழியில் சிப்பி!

நீர் புகாத கடிகாரம் செய்ய முயன்றவர் அவருக்கு முன்னும் உண்டு. எல்லாம் தானே கண்டுபிடித்தவர் அல்ல வில்ஸ்டார்ப். நல்ல முத்தைப் பொறுக்கிக் கோப்பவர் என்று சொன்னால் பொருந்தும்.

கழுத்தில் தொங்கிய கடிகாரம்

மெர்ஸிடிஸ் கிளைட்ஸ் என்று ஒரு பெண். லண்டனில் தட்டெழுத்து வேலை பார்த்தவர். 1927-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். 15 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தச் சாதனையைச் செய்த முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான். அந்தக் கால்வாயின் குறுகிய இடம், ஏறக்குறைய தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் உள்ள தூரம். 1966-ல் மிஹிர் சென் நம் கடலில் நீந்திக் கடந்தாரே, அது போன்ற சாதனை. ஆனால் அங்கே தண்ணீர் உறையும் குளிர்.

சில நாள் கழித்து ஒரு பெண் மருத்துவர் தானும் கடந்ததாக அறிவித்தார். பிறகு அது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டார். பழி யார் மீது விழுந்தது? உண்மையாக நீந்திய பெண்ணின் மீது! இவளும் பொய்தானோ என்று ஊர் பேசியது.

கிளைட்ஸ் அழவில்லை. மறுபடியும் நீந்திக் காட்டுகிறேன் என்று கிளம்பினார்.

வில்ஸ்டார்ப் இதைக் கேட்டார். தன் சிப்பிக் கடிகாரம் ஒன்றை அவருக்கு அனுப்பினார்.

அக்டோபர் 21. முதல் முறையை விடக் கடல் இன்னும் குளிர்ந்திருந்தது. கிளைட்ஸ் கழுத்தில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினார். பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். உடல் விறைத்தது. கரைக்கு இன்னும் சில மைல் இருக்கும்போது, படகில் தூக்கிவிட்டார்கள்.

ஆம், அன்று அவர் கால்வாயைக் கடக்கவில்லை. கடிகாரத்தோடு கடந்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஆனால் அந்தக் குளிரில் அவ்வளவு நேரம் தாங்கியதை உடன் வந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். முதல் நீச்சல் உண்மை என்பதில் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் பெயர் காப்பாற்றப்பட்டது.

கடிகாரம்? சரியாக ஓடிக்கொண்டிருந்தது!

நவம்பர் 24-ந் தேதி லண்டன் டெய்லி மெயில் பத்திரிகையின் முதல் பக்கம் முழுவதும் வில்ஸ்டார்ப்பின் விளம்பரம். கடைகளிலே மீன் தொட்டி வைத்து, மீன்களுக்கு நடுவே கடிகாரத்தை ஓடவிட்டார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஒரு குறை பாக்கி இருந்தது. தினமும் சாவி கொடுக்கக் குமிழைத் திறக்க வேண்டும். ஒரு நாள் மூட மறந்தால் போச்சு! கை அசைவிலேயே சாவி ஏறும் கைக்கடிகாரத்தை ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் முன்பே செய்திருந்தார். வில்ஸ்டார்ப்பின் கம்பெனி 1931-ல் அதைச் சீர்திருத்தியது. அரை வட்டமான ஓர் எடை, உள்ளே முழுச் சுற்றும் சுழன்றது. பிறகு குமிழைத் தொட வேண்டிய தேவையே குறைந்துவிட்டது.

யுத்தக் கைதிகளுக்குக் கடன்

இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் பிடித்த பிரிட்டிஷ் வீரர்களின் கடிகாரங்கள் பறிக்கப்பட்டன. கைதி முகாமிலிருந்து கடிதம் எழுதினால், வில்ஸ்டார்ப் கடிகாரம் அனுப்பினார். பணம்? யுத்தம் முடிந்த பிறகு கொடுத்தால் போதும்!

அடைத்தவர்கள் அவர் பிறந்த நாட்டார். அடைபட்டவர்கள் அவர் தொழில் வளர்த்த நாட்டார். உயிரோடு திரும்புவார்களா என்றே தெரியாதவர்களுக்குக் கடன் கொடுத்தார். வியாபாரத் தந்திரம் என்று சிலர் சொல்லலாம். முகாமில் கடிகாரம் கிடைத்தவரிடம் அதைச் சொல்ல முடியாது.

1944-ல் மனைவி மே இறந்துவிட்டார். குழந்தைகள் இல்லை. மறு ஆண்டே தன் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைத்தார்.

முக்குளிப்போர் கடிகாரம்

1953-ல் சப்மரீனர் என்ற கடிகாரம் உருவானது. 100 மீட்டர் ஆழம் தாங்கும். அதே ஆண்டில் பிளாங்பான் என்ற சுவிஸ் கம்பெனியும் ஒரு முக்குளிப்புக் கடிகாரம் செய்தது. யார் முந்தி என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

முகப்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதுதான் இதன் உயிர். கடலில் இறங்கும்போது வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டும். பிறகு எத்தனை நிமிடம் ஆயிற்று என்று முள்ளே காட்டும். காற்றுக் குழாயில் காற்று அளவோடுதான் இருக்கும். அதிக நேரம் ஆழத்தில் இருந்துவிட்டு விரைந்து மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி ஆளை முடக்கிவிடும். நிமிடம் தவறினால் உயிர் தவறும்.

இப்போது வரும் கடிகாரங்களில் வளையம் ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். தவறி இடித்துக்கொண்டால் நேரம் அதிகமாகக் காட்டும், குறைவாகக் காட்டாது. ஆள் சீக்கிரம் மேலே வந்துவிடுவார்.

இத்தகைய கடிகாரம் வாங்க நினைக்கும் நேயர்கள் கவனிக்க வேண்டும். 30 மீட்டர் என்று போட்டிருந்தால், முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பொருள் அல்ல. கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். முக்குளிக்க 200 மீட்டர் போட்டது நல்லது. குமிழ் திருகி மூடுவதாக இருக்க வேண்டும். தண்ணீருக்குள் அதைத் தொடவே கூடாது. கடலில் நனைந்தால் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உள்ளே உள்ள ரப்பர் வளையம் காலத்தில் கெட்டுப்போகும். சில ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். விலை உயர்ந்ததை மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். போலிகள் ஏராளம்.

இன்னொன்றும் சொல்லிவிடுவோம். பல லட்சம் கொடுத்து வாங்கும் சக்கரக் கடிகாரம் ஒரு நாளில் இரண்டு மூன்று விநாடி பிசகும். சில நூறு ரூபாய் பாட்டரிக் கடிகாரம் அதைவிடச் சரியாக மணி காட்டும்! இன்றைய முக்குளிப்போர் சிறு கணினியைக் கையில் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அப்படியானால் சக்கரக் கடிகாரத்தை ஏன் வாங்குகிறார்கள்? பாட்டி கழுத்துக் காசுமாலையை விற்காமல் வைத்திருக்கும் வீட்டாரைக் கேட்டுப் பாருங்கள்.

உலகின் அடியில்

1960-ம் ஆண்டு ஜனவரி 23-ந் தேதி. பசிபிக் கடலில் மரியானா அகழி. உலகிலேயே ஆழமான இடம். எவரெஸ்ட் சிகரத்தை அதற்குள் இறக்கினால், அதன் தலைக்கு மேல் இன்னும் இரண்டு கிலோமீட்டர் தண்ணீர் நிற்கும்.

டிரியெஸ்ட் என்ற ஆழ்கடல் கலத்தில் ஜாக் பிக்கார்டு, டான் வால்ஷ் என்ற இருவர் அதற்குள் இறங்கினார்கள். கலத்தின் வெளிப்புறத்தில், நீரில் படும்படி வில்ஸ்டார்ப் கம்பெனியின் கடிகாரம் ஒன்று கட்டப்பட்டிருந்தது. இதற்கென்றே தடித்த கண்ணாடி போட்டுச் செய்தது. அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் அழுத்தம்.

சுமார் 10,900 மீட்டர் இறங்கி, கலம் மேலே வந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

வில்ஸ்டார்ப் அந்தச் செய்தியைக் கேட்க உயிரோடு இருந்தார். அதே ஆண்டு ஜூலை 6-ந் தேதி ஜெனீவாவில் காலமானார். வயது 79.

அவருடைய பங்குகள் அறக்கட்டளைக்குப் போயின. இன்றும் ரோலக்ஸ் கம்பெனியின் சொந்தக்காரர் அந்த அறக்கட்டளைதான். ஜெனீவாவில் ஆர்வ் என்ற ஆறு ஓடுகிறது. அதன் மீது அறக்கட்டளையின் பணத்தில் ஒரு பாலம் கட்டி, 2012-ல் திறந்தார்கள். யுத்தத்தின்போது பலகையிலிருந்து எடுக்கப்பட்ட பெயர் அந்தப் பாலத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது.